வரிசையில் நின்ற பிள்ளைகள்

மாணவர்களை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தெரிந்ததும் பெற்றோர், சக ஆசிரியர்கள், பக்கத்து வீட்டு அக்கா, பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என்று எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "நல்லது டீச்சர், ஒழுக்கம்னா என்னன்னு அங்க போய்ப் பாத்துட்டு வரட்டும்." நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அது முதல் நாளிலிருந்தே உறுத்தியது.

நான் கூட்டிப்போன பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்காரர்கள். காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்து, தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு, நிற்காத பஸ்ஸை ஓடிப் பிடித்து, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு வந்து சேர்கிறவர்கள். அவர்கள் வீட்டில் முதல் பாஸ்போர்ட் அவர்களுடையதுதான். அப்படிப்பட்ட பிள்ளையை அவ்வளவு தூரம் கூட்டிப்போய், தெருத்தெருவாக நிறுத்தி, "பாரு, உங்கிட்ட இல்லாதது இதுதான்" என்று காட்டினால், அதைக் கல்விச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் கிளம்பும் முன்பே உடன் வந்த இன்னொரு ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்: சார், இந்தப் பயணத்தில் 'ஒழுக்கம்' என்ற பேச்சை நாம் எடுக்க வேண்டாம். "எப்படி நடக்குதுன்னு பாருங்க" என்று மட்டும் சொல்லுவோம். அவருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் சரி என்றார்.

மே மாதக் கடைசி. நமக்குக் கோடை விடுமுறை, அங்கே பள்ளிகள் நடக்கும். அவர்களுடைய ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துத் தொடர் விடுமுறைக் கூட்டமும் முடிந்திருக்கும், பெரிய மழை ஆரம்பித்திருக்காது. விசாவுக்கு எந்த நாள் எங்கே இருப்போம், எங்கே தங்குவோம் என்று நாள்வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதை எழுதும்போதே பயணத்தின் பாதி முடிந்துவிடுகிறது. பெட்டிகளில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போனது. சைவக்காரப் பிள்ளைகள் இருந்தால் அது அவசியம், ஏனென்றால் அங்கே வெறும் காய்கறி சூப் மாதிரித் தெரிவதில்கூட உலர்ந்த மீனை ஊறவைத்து எடுத்த சாறு இருக்கும்.

"எப்படி நடக்குதுன்னு பாருங்க" என்று சொன்னதற்குப் பலன் முதல் நாளே தெரிந்தது. டோக்கியோவில் ரயில் நிலையத்து வரிசையைப் பார்த்து என் மாணவன் ஒருவன் கேட்டான்: "மிஸ், கதவு எங்க வந்து நிக்கும்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" குனிந்து பார்த்தால் தரையில் கோடு, எண், அம்புக்குறி எல்லாம் போட்டிருக்கிறது. ரயிலும் அந்தக் கோட்டுக்கு நேராகவே வந்து நிற்கிறது. அடுத்த ரயிலுக்கு ஒரு வரிசை, அதற்கடுத்த ரயிலுக்கு ஒரு வரிசை என்று சில நிலையங்களில் தனித்தனியாகவே குறித்திருக்கிறார்கள். அவனே சொன்னான்: "நம்ம ஊர்லயும் பஸ் ஒரே எடத்துல நின்னா நாங்களும் வரிசையா நிப்போம் மிஸ்." நூற்றுக்கு நூறு உண்மை. நம் ஊரில் பஸ் நிறுத்தத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும் வண்டியைத் துரத்துகிறவனிடம் வரிசையைப் பற்றிப் பாடம் எடுத்து என்ன பயன்?

அதன் பிறகு பிள்ளைகள் இந்த மாதிரி விஷயங்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடையில் விற்கும் முக்கோணச் சோற்று உருண்டையின் உறையில் 1, 2, 3 என்று அச்சடித்திருக்கும். நடுவிலுள்ள நாடாவை 1 என்று போட்ட இடத்தில் பிடித்துக் கீழே இழுத்து, பிறகு 2, 3 என்ற இரண்டு முனைகளையும் பக்கவாட்டில் உருவினால், மொறுமொறுப்பான கடற்பாசித் தாள் கிழியாமல் சோற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும், கையும் பிசுபிசுக்காது. ஜப்பானிய மொழி தெரியாத பிள்ளை முதல் தடவையே சரியாகப் பிரித்துவிட்டது. தரையில் ஓடும் மஞ்சள் புடைப்புக் கட்டைகளைப் பார்த்து, "இது சென்னை மெட்ரோவுல இருக்கே" என்றாள் ஒருத்தி. ஆமாம், பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து நடப்பதற்கான அந்தக் கட்டையை மியாகே செய்யிச்சி என்பவர் 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒகாயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதலில் பதித்தார்கள். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது.

ரயில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் கையை நீட்டிச் சிக்னலைக் காட்டி, வாயால் சொல்லிச் சரிபார்ப்பார்கள். முதலில் பார்க்கும்போது பிள்ளைகளுக்குச் சிரிப்பு. ஆனால் அது பழக்கதோஷம் இல்லை. கண்ணும் கையும் வாயும் காதும் ஒன்றாக ஒரே விஷயத்தில் நிற்கும்போது தவறு குறைகிறது. ஜப்பான் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் நடத்திய சோதனையில் 100 செயலுக்கு 2.38 என்று இருந்த தவறு 0.38 ஆகக் குறைந்தது. இதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் காலையிலிருந்து ஓட்டல் அறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் "பாஸ்போர்ட், இருக்கு! ரயில் கார்டு, இருக்கு! தண்ணி பாட்டில், இருக்கு!" என்று கைநீட்டிச் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினார்கள். தலை எண்ணுவதை விடாமல் செய்கிற எனக்கு அது பெரிய நிம்மதி.

டோக்கியோ நிலையத்தில், வடக்கே இருக்கும் உட்சுனோமியா நகரத்துக்குப் போக அதிவேக ரயிலுக்குக் காத்திருந்தபோது, அந்தப் புகழ்பெற்ற ஏழு நிமிடச் சுத்தத்தையும் பார்த்தோம். ரயில் வந்து திரும்பக் கிளம்புவதற்கு இருக்கும் 12 நிமிடத்தில் இறங்க, ஏற என்று போக மீதி 7 நிமிடம். துப்புரவுப் பணியாளர்கள் ஆளுக்கொரு பெட்டி என்ற கணக்கில் நுழைந்து குப்பை எடுத்து, இருக்கைகளைத் திருப்பி, மேசைகளைத் துடைத்து, வெளியே வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். சீருடை நல்ல நிறத்தில், மிடுக்காக இருக்கிறது. பெண்கள் நிறைய, வயதானவர்களும் உண்டு. இவர்கள் வேலை செய்யும் நிறுவனத்தில் 2005-க்கு முன்னால் இதே வேலை யாரும் விரும்பாத வேலையாக, வெட்கப்படும் வேலையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு வந்த யாபே தெருவோ என்ற நிர்வாகி, வேலை செய்கிறவர்களின் யோசனையைக் கேட்டு, நன்றாகச் செய்ததைச் சக ஊழியர்களே எழுதிப் பாராட்ட வழிசெய்து, அவர்களைப் பயணிகள் கண்ணில் படும்படி முன்னால் கொண்டுவந்து மாற்றினார். ஆட்களைத் திருத்தவில்லை, அவர்களுக்குரிய மதிப்பைக் கொடுத்தார். நம் ஊரில் துப்புரவுப் பணியாளருக்குக் கையுறைகூடச் சரியாகப் போய்ச் சேராத நிலையை நினைத்துக்கொண்டு நான் அந்த நடைமேடையில் நின்றேன்.

உட்சுனோமியாப் பக்கத்தில் நாங்கள் போன பள்ளியில் சாப்பாட்டு நேரம். வெள்ளை மேலங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பாத்திரங்களை வகுப்புக்குத் தூக்கி வந்து, மற்றவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். இந்த வாரம் ஒரு குழு, அடுத்த வாரம் இன்னொரு குழு. ஆசிரியரும் அங்கேயே உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். பள்ளி மதிய உணவுச் சட்டம் அங்கே 1954-இல் வந்தது. நம்மிடம் காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார் என்று சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். போர் முடிந்த நாடும் விடுதலை பெற்ற நாடும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று முடிவெடுத்திருக்கின்றன. என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது.

அப்புறம் சுத்தம் செய்யும் நேரம். இசை ஒலித்தது, எல்லோரும் துணியும் துடைப்பமும் எடுத்தார்கள். வராந்தாவில் ஈரத்துணியைத் தரையில் விரித்து இரண்டு கையையும் அதில் ஊன்றி, குனிந்தபடியே ஓடித் துடைக்கிறார்கள். எங்கள் பையன்களும் சேர்ந்து ஓட, அங்கே ஒரு பந்தயமே நடந்தது. உடன் வந்த சார் என் பக்கம் திரும்பி, "இதை நம்ம ஸ்கூல்ல கொண்டுவரணும் மேடம்" என்றார். இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் துடைப்பம் யார் கைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவச் சொன்னார்கள் என்ற செய்தி வராத ஆண்டு இல்லை. அந்தப் பள்ளியில் சுத்தம் செய்வது எல்லோருக்கும் பொது, முறைவைத்து மாறும், யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு இடமில்லை. முதலில் நாம் கொண்டுவர வேண்டியது அந்தப் பொதுத்தன்மையைத்தான். அது இல்லாமல் துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்தால் பழைய கொடுமைக்குப் புதுப் பெயர் வைத்ததாகிவிடும்.

இன்னொன்றையும் அன்று இரவு பிள்ளைகளுக்குச் சொன்னேன், ஏனென்றால் "இவங்க பிறவியிலேயே இப்படித்தான் போல" என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். இல்லை. டோக்கியோவில் ஓடும் சுமிதா ஆறு 1960-களில் நாற்றத்துக்குப் பேர்போனது. 1961-க்குப் பிறகு நின்றுபோன அந்த ஆற்றங்கரை வாணவேடிக்கை திரும்ப நடந்தது 1978-இல்தான். 1964 ஒலிம்பிக்கிற்கு முன்னால் டோக்கியோவைச் சுத்தப்படுத்தப் பெரிய இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. 1971-இல் டோக்கியோ ஆளுநர் மினோபே 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். நகரத்தின் பெரும்பாலான குப்பை கோத்தோ வட்டாரத்தின் வழியாகவே கொட்டப்போனதால் அந்த மக்கள் சுகினாமி வட்டாரத்துக் குப்பை லாரிகளை மறித்தார்கள். ஆலைக்கழிவுப் பாதரசத்தால் மினமாட்டா என்ற ஊரில் நரம்பு செயலிழந்தவர்கள், 1956-இல் அந்த நோய் வெளியே தெரிந்த பிறகு நியாயத்துக்காகப் போராடினார்கள். இவ்வளவும் சண்டை, வழக்கு, சட்டம், வரிப்பணம். ரத்தத்தில் வந்தது ஒன்றுமில்லை. கூவம் நம் விதி என்று நினைக்கும் பிள்ளைக்கு இது தெரிந்தாக வேண்டும்.

கியோட்டோவில் வேறு மாதிரி ஒரு காட்சி. மே, ஜூன் மாதங்கள் ஜப்பானியப் பள்ளிகளின் சுற்றுலாக் காலம், கோயில் எங்கும் சீருடைப் பிள்ளைகள். நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகக் கையில் திட்டத்தாளோடு சுற்றுகிறார்கள், கூட ஆசிரியர் யாரும் இல்லை! கியோமிஸு கோயிலின் சிவப்பு வாசலுக்குப் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக நின்ற ஒரு ஜப்பானிய ஆசிரியையிடம், கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துப் பேசினேன். பாதையைப் பிள்ளைகளே மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்களாம், எந்தப் பஸ், எவ்வளவு நேரம், எங்கே சாப்பாடு எல்லாம். ஆசிரியர்கள் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, குறித்த இடத்தில் நிற்பார்கள். பிள்ளைகள் வந்து தலைகாட்டிவிட்டுப் போக வேண்டும். "நாங்கள் பின்னால் போவதில்லை, எங்கே இருப்போம் என்று மட்டும் சொல்லுவோம்" என்றார்.

அன்று மதியம் என் பிள்ளைகளையும் அப்படி அனுப்பினேன். நாலு பேருக்கு ஒரு போன், ஓட்டல் முகவரி ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை, நான் நிற்கும் இடம், வந்து சேர வேண்டிய நேரம். ஒரு குழு 206-ஆம் எண் பஸ்ஸில் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டது. அது நகரத்தை வட்டமாகச் சுற்றும் பஸ், இரண்டு திசையிலும் ஒரே எண்தான். பாதியில் சந்தேகம் வந்து ஒரு பாட்டியிடம் அட்டையைக் காட்ட, அவர் இறங்கி, சாலையைக் கடந்து, சரியான நிறுத்தத்தில் நிறுத்தி, பஸ் வரும்வரை கூடவே நின்றிருக்கிறார். தாமதமாக வந்த அந்த நாலு பேரின் முகத்தில் இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. வயிற்றைக் கலக்கிக்கொண்டு நான் நின்ற நேரத்துக்கு அது ஈடாகிவிட்டது.

ஆனால் இந்தப் பள்ளிச் சுற்றுலாவின் தொடக்கம் அவ்வளவு இனிமையானதல்ல. 1886-இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்களைச் சோஷி என்ற கடற்கரை ஊர் வரை நடத்திக் கூட்டிப்போனார்கள், ராணுவப் பயிற்சியும் கள ஆய்வும் கலந்த நடைப்பயணமாக. அதுதான் இதற்கெல்லாம் முன்னோடி. சின்னப் பிள்ளைகள் முதுகில் மாட்டும் அந்த அழகான தோல்பையே படைவீரர் முதுகுப்பையிலிருந்து வந்தது. ஒழுங்கு என்பது யாருக்காக, எதற்காக என்ற கேள்வி இங்கிருந்து எனக்குள் தொடங்கிவிட்டது. ஹிரோஷிமாவில் அதைத் தவிர்க்கவே முடியவில்லை.

ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. 13 வயது ஒரிமென் ஷிகெரு என்ற மாணவனுடையது. அவனுடைய அம்மா மகனைத் தேடிப்போய், அந்த டப்பாவை வைத்துத்தான் உடலை அடையாளம் கண்டார். காலையில் கட்டிக்கொடுத்த சோறு கரியாகி இன்னும் உள்ளேயே இருக்கிறது. டப்பா நசுங்கியிருக்கிறது, உள்ளே இருப்பது சோறு என்று சொன்னால்தான் தெரியும். தினமும் டப்பா கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிற என் மாணவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "மிஸ், இந்தப் பையன் ஸ்கூல்ல இல்லாம ரோட்டுல எதுக்கு இருந்தான்?"

அணுகுண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை, காலை 8.15. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்தே சின்ன வகுப்புகளைத் தவிர மற்ற வகுப்புகளை அரசு நிறுத்தியிருந்தது. மாணவர்களெல்லாம் போர் வேலைக்கு. குண்டு விழுந்து தீப்பிடித்தால் பரவாமல் இருக்க நகரத்தின் நடுவில் மர வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கினார்கள். அந்த இடிபாடுகளைச் சுமக்க 12, 13 வயதுப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அன்று காலை 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்த வேலையில் இருந்தார்கள், அவர்களில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். திறந்தவெளியில், குண்டு விழுந்த இடத்துக்கு வெகு அருகில். ஆசிரியர்கள்தான் கூட்டிப்போனார்கள். நேரத்துக்கு வந்து, வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்து. இன்று பூங்காவாக இருக்கும் அந்த நிலத்திலேயே அவர்களில் பலர் நின்றிருந்தார்கள்.

பூங்காவின் தெற்குப் பக்கத்தில், சுற்றுலாக் கூட்டம் அதிகம் எட்டிப்பார்க்காத இடத்தில் ஒரு சிலை இருக்கிறது. 1971-இல் வைத்தது. ஒரு ஆசிரியை துவண்டுபோன குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கிறார். குண்டுவீச்சிலிருந்து உயிர் பிழைத்த ஒரு பெண் எழுதிய சின்னக் கவிதை அதில் பொறித்திருக்கிறது. பெரிய எலும்புகள் ஆசிரியருடையவையாக இருக்கும், அவற்றைச் சுற்றிச் சின்ன மண்டையோடுகள் கூடியிருக்கின்றன என்பது அதன் சாரம். கடைசி நேரத்தில் பிள்ளைகள் எங்கே ஓடினார்கள் என்பதை அந்த எலும்புகள் சொல்கின்றன. அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்து, என்னால் முடிக்க முடியவில்லை, சார்தான் முடித்தார்.

பிறகு புல்வெளியில் உட்கார்ந்தோம். கேள்விகள் வந்தன. "அந்த மிஸ் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லியிருக்க முடியாதா?" முடிந்திருக்காது என்றுதான் சொன்னேன். போர்க்கால ஆணை அது, மறுத்தால் துரோகி என்ற பட்டம், வேலை போகும், இன்னும் மோசமாகவும் போகும். அன்று வயிற்றுவலி, காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றும், தான் மட்டும் தப்பித்துவிட்டோமே என்ற குற்ற உணர்வை அவர்களில் பலர் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்கள் என்றும் சொன்னேன். ரயில் நிலையத்துக் கோட்டை முதலில் கவனித்த அதே பையன் கேட்டான்: "அப்போ ஒழுங்கா வந்தவங்கதான் செத்தாங்களா மிஸ்?"

அதற்கு நான் ஆமாம் என்றுதான் சொன்னேன். மழுப்ப மனம் வரவில்லை. நேரத்துக்கு வருவதும், வரிசையில் நிற்பதும், சொன்னதைச் செய்வதும் நல்ல பழக்கங்கள். ஆனால் எங்கே கூட்டிப்போகிறீர்கள், எதற்கு என்று பெரியவர்களிடம் கேட்கும் உரிமையையும் நீங்கள் விட்டுவிடக் கூடாது என்றேன். என்னிடமும் கேட்கலாம் என்றேன். அன்று மாலையே கேட்டார்கள். மறுநாள் திட்டத்தில் இருந்த வணிக வளாகத்துக்கு எதற்குப் போக வேண்டும், இன்னொரு தடவை இங்கேயே வரலாமே என்றார்கள். நாங்கள் இருவரும் பேசிப் பார்த்து, திட்டத்தை மாற்றினோம்.

ஊர் திரும்பியதும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'ஜப்பானில் நாங்கள் கற்ற ஒழுக்கம்' என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைப் பிள்ளைகளே மாற்றிக் கேட்டார்கள், கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு கிடைத்தது. ஒருத்தி மினமாட்டாவைப் பற்றிப் பேசினாள், ஒருவன் பிளாட்பாரக் கோட்டைப் பற்றி, இன்னொருத்தி அந்தச் சாப்பாட்டு டப்பாவைப் பற்றி. கூட்டத்தில் சில ஆசிரியர்களுக்கு ஏமாற்றம்தான். "இவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு, இதைத்தான் பார்த்துட்டு வந்தீங்களா?" என்று ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். இதைத்தான் பார்த்தோம்.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதாக இருந்தால், இரண்டு வேண்டுகோள். கியோட்டோவில் அரை நாளையாவது திட்டத்தில் காலியாக விடுங்கள், குழுவாகப் பிரித்து அனுப்பிவிட்டு நீங்கள் ஒரே இடத்தில் நில்லுங்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டில் சிதைந்து நிற்கும் குவிமாடத்தின் முன் படம் எடுத்தவுடன் பஸ் ஏறிவிடாமல், தெற்கே நடந்து அந்த ஆசிரியை சிலை வரை போங்கள். அதற்குப் பின் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் வையுங்கள். அடுத்த ரயிலைச் சாயங்காலத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், நிறைய ரயில் இருக்கிறது.